ஹாலோவீனுக்குப் பேய்ப் புத்தகம்: 3, 6, 10 வயசுக்கு எதை எடுக்கலாம்?

மூணு வாலு | 2025 செப்டம்பர் 6, இரவு 9.40

வீட்டுல 3, 6, 10 வயசுல மூணு பேர். இருக்கறது அமெரிக்கால. அக்டோபர் முழுக்க ஹாலோவீன் புத்தகம்தான் வேணுமாம். அட்டையில போட்டிருக்கற வயசைப் பார்த்து எடுத்தா போதும்ங்கறது என் கட்சி. 4–8னு இருந்தா ஆறு வயசுக்குச் சரிதானே? பெரியவளுக்கு கூஸ்பம்ப்ஸ் திகில் கதை வரிசை. சின்னவனுக்குப் பூசணிக்காய் படம் போட்ட எதுவானாலும் ஓகே. யாராவது பட்டியல் போட்டா நேரா நூலகத்துக்குப் போயிடுவேன்.

398.2 | செப்டம்பர் 6, இரவு 11.15

போதாது. அட்டையில் இருக்கும் வயது பெரும்பாலும் 'இந்த எழுத்தை வாசிக்க முடியுமா' என்பதற்கான கணக்கு. அமெரிக்கப் பள்ளிகளில் வாசிப்புக் கடினத்தை அளக்கும் லெக்சைல் எண் இன்னும் மோசம். வாக்கியம் எவ்வளவு நீளம், சொல் எவ்வளவு அரிது என்று மட்டும்தான் பார்க்கும். தலை துண்டாக விழுந்தாலும் அதற்குக் கவலையில்லை, வாக்கியம் சின்னதாக இருந்தால் சரி.

மிகையில்லை, அப்படியே ஒரு புத்தகம் இருக்கிறது. ஆல்வின் ஷ்வார்ட்ஸின் 'இன் எ டார்க், டார்க் ரூம்', 1984. 'ஐ கேன் ரீட்' வரிசையில் இரண்டாம் படி, எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கானது. அதில் ஒரு பெண் எப்போதும் கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டியிருப்பாள். சாகக் கிடக்கும்போது கணவனை அவிழ்க்கச் சொல்வாள். அவிழ்ப்பான். தலை விழும். அதோடு கதை முடிந்தது, ஒரு சமாதானமும் கிடையாது. நாற்பது வயதிலும் இந்த ரிப்பனை மறக்காதவர்கள் ஏராளம்.

இருந்தாலும் நல்ல புத்தகம். ஐந்து வயதிலிருந்து கொடுக்கலாம் என்பேன்.

398.2 | செப்டம்பர் 7, காலை 7.05

நேற்று 'ஐந்து வயதிலிருந்து' என்று எழுதியது அவசரம். ஏழு என்று திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு ரிப்பன் ஒரு துணி, தலை ஒரு தலை. ஏழு வயதுக்குத்தான் அது கதையின் தந்திரம் என்று பிடிபட்டுச் சிரிப்பு வரும்.

எந்த வயது எதைக் கண்டு பயப்படும் என்று பிரித்துக்கொண்டால் மற்றது சுலபம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் பல வருடம் இதைத்தான் ஆராய்ந்தார். மூன்று நான்கு வயதில் பயம் கண் வழியாக வருகிறது: பல், முகமூடி, திடீரென்று உருமாறும் முகம். 'பாவம், அது நல்ல பூதம்' என்று நீங்கள் சொல்வது காதில் ஏறாது. உருவம் கோரமென்றால் கோரம்தான். எட்டு, ஒன்பது தாண்டினால் தலைகீழ். பல்லைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் 'இது நம்ம வீட்டிலும் நடக்குமோ' என்ற நினைப்பு தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆக, சின்னவனுக்குப் படத்தைப் பாருங்கள், பெரியவளுக்குக் கதையைப் பாருங்கள். ஆறு வயது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, இரண்டையும் பாருங்கள்.

தேற்றுவதும் அப்படித்தான். 'அதெல்லாம் நிஜமில்லடா கண்ணு' என்பது 3 வயதிடம் செல்லாது. மடி, ஒரு வாய் தண்ணீர், கையில் ஒரு பொம்மை. பத்து வயதிடம் மடி செல்லாது. உட்கார்ந்து நியாயம் பேசினால் கேட்கும்.

மூணு வாலு | செப்டம்பர் 7, மதியம் 1.20

அக்கா, அப்போ பூசணிக்காய் படம்கூட ஆபத்தா?

398.2 | செப்டம்பர் 7, இரவு 10.30

பூசணிக்காய் பரவாயில்லை. அதில் கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே விளக்கு வைத்தால் அது முகம். இருட்டுப் பின்னணியில் அந்த முகத்தைப் புகைப்படமாகப் போட்ட கெட்டி அட்டைப் புத்தகங்கள் 2, 3 வயதுக்கு ஒத்துவருவதில்லை. வரைந்த படம், வெளிச்சமான பின்னணி, வளைந்த வாய் என்றால் எடுங்கள். பொத்தானை அமுக்கினால் ஊளையிடும் புத்தகத்தைக் கடையிலேயே ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். சத்தம் சட்டென்று உச்சத்தில் ஆரம்பித்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

3 வயதுக்கு ஒன்றே ஒன்று என்றால் எட் எம்பர்லியின் 'கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்', 1992. இதை நாலு வரியில் தள்ள மனசில்லை, எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். முதலில் கறுப்புத் தாளில் வெட்டிய ஓட்டை வழியாக இரண்டு மஞ்சள் கண். ஒரு தாளைப் புரட்டினால் மூக்கு சேரும். அடுத்தது சிவப்பு வாய், வெள்ளைப் பல். பிறகு காது, ஊதா முடி, முழுப் பச்சை முகம். பாதிப் புத்தகத்தில் பூதம் தயார். அங்கிருந்து பிள்ளை அதை விரட்ட ஆரம்பிக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு உறுப்பு கழன்று கடைசியில் வெறும் கறுப்பு. உருவம்தான் பயம் என்ற வயதுக்கு, உருவத்தையே கழற்றி மாட்டக் கொடுத்துவிட்டார் மனிதர்.

தாளைப் பிள்ளைதான் புரட்ட வேண்டும். நீங்கள் புரட்டினால் மருந்து பாதிதான் வேலை செய்யும். முதல் தடவை முகம் முழுசானதும் மூடிவிடாதீர்கள், எவ்வளவு முகம் சுளித்தாலும் கடகடவென்று கடைசிவரை ஓட்டிவிடுங்கள். பாதியில் மூடினால் பூதம் உள்ளேயே இருந்துவிடும்.

எதிர்க்கட்சி | செப்டம்பர் 8, காலை 6.50

ரொம்பத்தான் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம். மரத்தில் தொங்குகிற பிணத்தை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டு வழியே நடக்கிற ராஜா படத்தை மாசாமாசம் அம்புலிமாமாவில் பார்த்து வளர்ந்த கூட்டம் நாம். யாருக்கு என்ன ஆச்சு?

398.2 | செப்டம்பர் 8, இரவு 9.10

ஒன்றும் ஆகவில்லை, ஏன் என்று பாருங்கள். மாசாமாசம் அதே ராஜா, அதே பிணம், அதே தொடக்கம், கடைசியில் அதே முருங்கை மரம். நடுவில் வருகிற கதை பெரும்பாலும் பேய்க் கதையே இல்லை, நியாயத் தீர்ப்பு கேட்கிற புதிர். பயம் வெளிச் சட்டத்தோடு நின்றுவிடுகிறது, அந்தச் சட்டமும் பிள்ளைக்கு மனப்பாடம். எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று தெரிந்த பயம் பயமே இல்லை, விளையாட்டு.

நான் தேடச் சொல்வதும் அதைத்தான். மாரிஸ் சென்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) வெறும் 338 சொல். ஆரம்பத்தில் படம் தாளின் நடுவில் சின்னதாக, சுற்றிலும் வெள்ளை. காடு வளர வளரப் படமும் வளர்ந்து வெள்ளையைத் தின்னும். அரக்கர்களோடு கூத்தடிக்கும் இடத்தில் ஒரு எழுத்துகூட இல்லாமல் இரண்டு பக்கமும் நிறையப் படம். பிறகு மெல்லச் சுருங்கும். கடைசியில் சுடச்சுட இரவுச் சாப்பாடு. பயம் எவ்வளவு வரும், எப்போது வடியும் என்பதைச் சொல்லாமலே கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

398.2 | செப்டம்பர் 10, இரவு 8.45

முழுதாக வாசிக்காமலே படப் புத்தகத்தைச் சோதிக்கும் வழி, நூலக அலமாரி முன்னால் நின்றபடியே செய்யலாம்.

சாதாரணப் படப் புத்தகம் 32 பக்கம். முதலில் கடைசி மூன்று பக்கம்: பிள்ளை யாரோடு இருக்கிறது? வீட்டிலா, வெளியிலா? விளக்கு எரிகிறதா? பிறகு 16ஆம் பக்கத்திலிருந்து 24க்குள் இரண்டு பக்கமும் நிறைந்த பெரிய படம் எதுவோ அது. அந்தப் புத்தகத்தின் உச்சப் பயம் அநேகமாக அங்கேதான். அதை உங்கள் பிள்ளை தனியாக உட்கார்ந்து பார்க்கும் என்று தோன்றினால் எடுங்கள். பிறகு வண்ணம். கறுப்பு, வெள்ளை, கூட ஒரே ஒரு வண்ணம் என்று இருக்கும் புத்தகங்கள் ஆறு வயதுக்கு அருமை. ரத்தம் இருந்தாலும் சிவப்பாகத் தெரியாது, சரிதானே.

கசுனோ கோஹராவின் 'கோஸ்ட்ஸ் இன் தி ஹவுஸ்' (2008) அப்படி ஒன்று. ஆரஞ்சும் கறுப்பும், மேலே வலைத்துணி போல வெள்ளைப் பேய்கள். வீட்டுக்குக் குடிவரும் சிறுமி பேய்களைப் பிடித்துத் துவைக்கும் இயந்திரத்தில் போட்டு, காயப்போட்டு, ஜன்னல் திரையாக மாட்டிவிடுவாள். 4 வயதுக்கே போதும். 'க்ரீப்பி கேரட்ஸ்' (2012, படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டெகாட்டின் சிறப்புப் பட்டியலில் வந்தது) இன்னொன்று. கறுப்பு வெள்ளையில் கேரட் மட்டும் ஆரஞ்சு. முயல் கேரட்டுக்குப் பயந்து தோட்டத்தைச் சுற்றி வேலி போடும், கடைசிப் பக்கத்தில் கேரட்டுகள் குதிக்கும். ஏன் குதிக்கின்றன என்பதை 6 வயது தானாகக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு விளக்கினால் புத்தகமே போச்சு.

மூணு வாலு | செப்டம்பர் 11, மதியம் 12.05

நடுவுலவன் 'பேபி புத்தகம் வேண்டாம்'னு சொல்ற ரகம். எலும்புக்கூடு வேணுமாம்.

398.2 | செப்டம்பர் 11, இரவு 10.00

ஜான் கிளாசனின் 'தி ஸ்கல்', 2023. தடிமனாக இருக்கும், கையில் பிடித்தால் பெரிய பிள்ளைப் புத்தகம் மாதிரி ஒரு கௌரவம். பக்கத்துக்கு நாலைந்து வரிதான். வீட்டை விட்டு ஓடிவரும் சிறுமி, அவளுக்கு அடைக்கலம் தரும் ஒரு மண்டையோடு. இரவானால் அதைப் பிடித்துக்கொண்டு போகத் தலையில்லாத எலும்புக்கூடு ஒன்று வரும். அதை அவள் ஒழிக்கும் விதம் பரபரப்பே இல்லாமல் வரும்: எலும்பை நொறுக்குவாள், எரிப்பாள், சாம்பலைக் கொட்டுவாள். சமையல் குறிப்பு போல இருக்கும்.

அவள் ஏன் ஓடிவந்தாள் என்று கடைசிவரை சொல்லவே மாட்டார். பிள்ளை கேட்கும். 'நீ என்ன நினைக்கிறாய்' என்று திருப்பிக் கேளுங்கள். நீங்களாக ஒரு கொடுமைக்கார அப்பாவைச் சேர்த்துவிடாதீர்கள்.

398.2 | செப்டம்பர் 14, காலை 11.30

முன்பதிவு செய்யாதவர்கள் இன்றே செய்யுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் ஹாலோவீன் அலமாரி துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பல நூலகங்களில் பண்டிகைப் புத்தகங்கள் தனி அலமாரியில் இருக்கும், கடன் நாளும் குறைவு.

அலமாரி காலியானாலும் இரண்டு எண்ணை மறக்காதீர்கள். நூலகங்கள் புத்தகத்தை அடுக்கும் டியூயி எண் வரிசையில் 398.2 நாட்டுப்புறக் கதை (என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்). உலகத்துப் பேய், பூதம், சூனியக்காரி எல்லாம் அங்கேதான் குடியிருப்பு, யாரும் போய்த் தேடுவதில்லை. 133.1 ஆவி, பேய் வீடு. அது 'உண்மைச் சம்பவம்' வகை என்பதால் 10 வயதுக்கும் அதற்குக் கீழேயும் வேண்டாம். இது நிஜம் என்று அச்சில் பார்த்தால் பத்து வயதிடம் பேசுவதற்கு நம்மிடம் நியாயமே மிஞ்சாது.

மூணு வாலு | செப்டம்பர் 19, இரவு 9.55

பெரியவள் கேட்ட கூஸ்பம்ப்ஸ் கிடைச்சுது. ஸ்லாப்பி பொம்மை வர்றது எதுவோ அது வேணும்னா, 'நைட் ஆஃப் தி லிவிங் டம்மி' முதல் பாகம் கொண்டுவந்தேன். 'இதுல ஸ்லாப்பி வில்லனே இல்லையே'ங்கறா.

398.2 | செப்டம்பர் 19, இரவு 11.40

அவள் சொல்வது சரி. முதல் பாகத்தில் அட்டகாசம் செய்வது மிஸ்டர் வுட் என்ற இன்னொரு பொம்மை. ஸ்லாப்பியின் ராஜ்ஜியம் இரண்டாம் பாகத்தில்தான் ஆரம்பம். வரிசையில் முதலாவது ஏழாம் எண், இரண்டாவது முப்பத்தொன்று. பக்கத்துப் பக்கத்தில் இருக்காது.

கூஸ்பம்ப்ஸ் 1992இலிருந்து 1997 வரை வந்த மூல வரிசையில் 62 புத்தகம், வரிசையாக வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அத்தியாயம் முடியும்போதெல்லாம் ஒரு கை தோளைத் தொடும், அடுத்த பக்கத்தில் அது தம்பியின் கையாக இருக்கும். பத்துப் பக்கத்துக்கு ஒரு பொய் அலறல். பிள்ளைக்கு நாலு அத்தியாயத்தில் சூத்திரம் பிடிபட்டுவிடும், அதுதான் இந்த வரிசையின் பாதுகாப்பு. விக்கிரமாதித்தன் வேலைதான் இதுவும், எதிர்க்கட்சியார் சந்தோஷப்படலாம்.

ஒரு எச்சரிக்கை: முதலாம் எண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 'வெல்கம் டு டெட் ஹவுஸ்' மற்றவற்றைவிடக் கனம், சிரிப்பு குறைவு, வீட்டு நாய்க்கும் நல்ல கதி இல்லை. நாய் வளர்க்கிற வீடென்றால் இன்னும் தள்ளிவையுங்கள். மனிதர்கள் சாவதைத் தாங்கும் பிள்ளைகள் நாய் செத்தால் தாங்குவதில்லை.

எதிர்க்கட்சி | செப்டம்பர் 20, காலை 7.15

கூஸ்பம்ப்ஸ் சலித்த பிள்ளைக்கு?

398.2 | செப்டம்பர் 21, மாலை 4.20

இரண்டு பக்கம் பிரியும். சிரிப்பு வேண்டுமா, நிஜமாகவே கனம் வேண்டுமா?

சிரிப்பென்றால் 'பனிக்யூலா', 1979. காய்கறிச் சாற்றை உறிஞ்சும் முயல். காய்கறிக் காட்டேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்வது நாய், சந்தேகப்படுவது பூனை. காட்டேரியைக் கொல்ல மார்பில் கூர்முளை அடிக்க வேண்டும் என்று பூனை ஒரு புத்தகத்தில் படிக்கும். ஆங்கிலத்தில் கூர்முளைக்கும் (stake) மாட்டிறைச்சித் துண்டுக்கும் (steak) ஒரே உச்சரிப்பு. பூனை ஒரு பச்சை இறைச்சித் துண்டை முயல்மேல் வைத்து அறைந்துகொண்டிருக்கும், நாய் பக்கத்தில் நின்று எச்சில் ஊறும். இரண்டு சொல்லையும் தாளில் எழுதிக் காட்டினால்தான் சிரிப்பு வரும், காதால் மட்டும் கேட்கிற தம்பிக்கு வராது. பிற்பாதியில் பூனை முயலைப் பட்டினி போடும், அந்த இடத்தில் 7 வயதுக்காரர்கள் கோபப்படுவதுண்டு.

கனமென்றால் கேத்ரின் ஆர்டனின் 'ஸ்மால் ஸ்பேசஸ்', 2018. வெர்மான்ட், இலையுதிர் காலம், பண்ணைக்குச் சுற்றுலா போகும் பள்ளிப் பேருந்து, மூடுபனி, வயலில் நிற்கும் சோளக்கொல்லை பொம்மைகள். பொம்மையைவிடக் கதாநாயகியின் அம்மா இறந்துபோன துக்கம்தான் பாரம். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் முதலில் நீங்கள் வாசியுங்கள்.

அதே காரணத்தால் இன்னொன்று. பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011). தலைப்பில் பூதம் இருக்கிறது, அட்டை கறுப்பு, ஹாலோவீன் மேசையில் யாராவது எடுத்து வைத்துவிடுவார்கள். அது பேய்க் கதை இல்லை. அம்மாவுக்குப் புற்றுநோய். 2012இல் பிரிட்டனின் சிறார் புத்தக விருதுகளான கார்னகி, கிரீனவே இரண்டு பதக்கமும் சேர்ந்தே வாங்கிய அபாரமான புத்தகம். வேறு மாதத்தில் கொடுங்கள்.

மூணு வாலு | செப்டம்பர் 28, இரவு 10.10

பெரியவள் 'தி விட்சஸ்' படம் பார்த்துட்டா. அப்போ ரோல்ட் டாலோட புத்தகமும் தாங்குவாதானே?

398.2 | செப்டம்பர் 28, இரவு 10.45

1990 படமென்றால் முடிவு வேறு. படத்தில், எலியாக மாற்றப்பட்ட பையன் திரும்ப மனிதனாகிவிடுவான். 1983இல் வந்த புத்தகத்தில் கடைசிவரை எலிதான், இன்னும் ஒன்பது வருடம்போல வாழ்வான் என்று பாட்டி கணக்குச் சொல்வாள். அவனுக்கு அதில் சந்தோஷம், பாட்டிக்கும் அதற்குள் முடிந்துவிடும் என்பதால். பெரியவர்கள் இங்கேதான் கலங்குகிறார்கள், பத்து வயது பெரும்பாலும் 'ஓ, சரி' என்று போய்விடும். தாங்குவாள். முடிவு வேறு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முடிவைச் சொல்ல வேண்டாம்.

398.2 | அக்டோபர் 5, காலை 9.30

வீட்டில் ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம், இது எங்கேயும் எழுதியிருக்காது.

'விட்ச்' என்றதும் சூனியக்காரி என்று போடாதீர்கள். நம் சொல்லில் செய்வினை வாடை அடிக்கிறது. 'ரூம் ஆன் தி புரூம்' (2001) கதையில் வருகிறவள் நாய்க்கும் தவளைக்கும் துடைப்பத்தில் இடம் கொடுக்கிற அசடு, அவளுக்கு மந்திரப் பாட்டி போதும். 'மான்ஸ்டர்' பூதம், 'கோஸ்ட்' பேய், சரி. ஆனால் 'சாப்பிடலேன்னா பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிடும்' என்று சொல்லிப் பழக்கிய வீட்டில் எந்தப் புத்தகப் பூதத்துக்கும் பூச்சாண்டி என்ற பெயரை வைக்காதீர்கள். பிள்ளைக்கு அவன் கதைப் பாத்திரம் இல்லை, நிஜமாகவே வேலைக்கு அமர்த்தப்பட்ட ஆள்.

எதிர்க்கட்சி | அக்டோபர் 5, காலை 9.50

எங்கள் பக்கம் அவனுக்குச் சம்பளமே சோற்று உருண்டைதான்.

மூணு வாலு | அக்டோபர் 22, இரவு 8.30

தீபாவளிப் பலகாரம் தீர்ந்துது, இனிமே ஹாலோவீன் மிட்டாய். 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வர்றாங்க. 4லிருந்து 13 வரை எட்டுப் பேர். எல்லாருக்கும் சேர்த்து வாசிக்கணும்.

398.2 | அக்டோபர் 22, இரவு 11.20

எட்டுப் பேரையும் ஒரே புத்தகத்தில் கட்ட முடியாது. இரண்டு சுற்று வையுங்கள்.

முதல் சுற்று எல்லோருக்கும், வெளிச்சம் இருக்கும்போதே, மிட்டாய் கேட்கக் கிளம்புமுன். 'தி லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்' (1986). காட்டு வழியில் பாட்டியை முதலில் ஒரு ஜோடி ஷூ துரத்தும். பிறகு கால்சட்டை, சட்டை, கையுறை, தொப்பி, கடைசியில் பூசணித் தலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம், ஒரு அசைவு, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பொருளைக் கொடுங்கள், மிஞ்சுகிறவர்கள் ஜோடி சேரட்டும். ஷூ எல்லாவற்றுக்கும் முன்னால் வரும், அதிகத் தடவை வரும், அதனால் 4 வயதிடம் கொடுங்கள். தொப்பி வெறும் தலையாட்டல், 13 வயதுக்கு மானம் போகாது. பூசணித் தலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதைக் கத்தித்தான் கெடுக்கிறார்கள். சின்னப் பிள்ளை இருந்தால் கிசுகிசுவென்று சொல்லுங்கள், கத்துவதைவிட அதற்குத்தான் எல்லோரும் நெருங்கி வந்து உட்காருவார்கள்.

இரண்டாம் சுற்று சின்னவர்கள் தூங்கிய பிறகு. மறுநாள் பள்ளி இல்லை. பத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 'ஸ்கேரி ஸ்டோரிஸ் டு டெல் இன் தி டார்க்' (1981), அதே ஷ்வார்ட்ஸ். பல கதைகள் இரண்டு மூன்று பக்கம்தான். சிலவற்றில் எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர்மேல் பாய வேண்டும் என்று குறிப்பே இருக்கும். நீங்கள் வாசியுங்கள், புத்தகத்தைக் காட்டாதீர்கள். கதையைவிட ஸ்டீபன் கேமலின் படங்கள்தான் ஆளை அடிக்கும். தொண்ணூறுகளில் அமெரிக்க நூலகங்களில் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட புத்தகங்கள் பட்டியலில் முதலிடம் இந்த வரிசைக்குத்தான்.

398.2 | அக்டோபர் 23, காலை 6.40

படம் பற்றி ஒரு சேர்ப்பு. பிற்பாடு பிரெட் ஹெல்க்விஸ்ட் வரைந்த சாதுவான படங்களோடு ஒரு பதிப்பு வந்தது. பழைய வாசகர்கள் கொதித்தார்கள், பிறகு கேமல் படங்களே திரும்பி வந்தன. நூலகத்தில் இரண்டும் கலந்து கிடக்கும், அட்டையில் ஓவியர் பெயரைப் பாருங்கள். 10 வயதுக்கு ஹெல்க்விஸ்ட், 13க்கு கேமல். கதை ஒன்றே.

மூணு வாலு | நவம்பர் 2, மதியம் 2.15

கிசுகிசுப்பு எடுபட்டுது அக்கா. இப்போ வேற பிரச்சினை. பச்சைப் பூதம் புத்தகத்துல கண் ஓட்டையைச் சுத்திக் கிழிஞ்சிருக்கு. நூலகப் புத்தகம். செலோ டேப் போடலாமா?

398.2 | நவம்பர் 2, மாலை 6.00

போடாதீர்கள். செலோ டேப் நாளாக மஞ்சளாகும், ஓரத்தில் பசை கசிந்து அடுத்த தாளோடு ஒட்டும், அந்தப் புத்தகத்தில் ஓட்டையோடு ஓட்டை பொருந்தாவிட்டால் பூதமே வராது. கிழிந்தபடியே கொண்டுபோய்க் கொடுத்து எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். திருப்பிப் போடும் பெட்டிக்குள் நுழைக்காமல் மேசையில், கையில் கொடுங்கள். ஒட்டுவதற்கு அவர்களிடம் தனி டேப் இருக்கும். அப்படியே ஹாலோவீன் அலமாரியையும் ஒரு பார்வை பாருங்கள். நேற்றிலிருந்து எல்லாம் திரும்பி வந்திருக்கும், கேட்க ஆள் இல்லை.